நெடுந்தூர ஓரியன்டீரிங்: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிப்பது

வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் இருந்துகொண்டு, விடியற்காலையில் விகாரமகாதேவிப் பூங்காவில் ஓடிப் பழகி, பிறகு ஒஸ்லோவில் அக்கா வீட்டுக்கோ மெல்பேர்ணில் மச்சான் வீட்டுக்கோ போகிற சாட்டில் அங்கே ஒரு நீண்ட ஓரியன்டீரிங் போட்டிக்கு (வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு, கொன்ட்ரோல் என்ற கொடி வைத்த இடங்களைத் தேடிப் பிடிக்கும் ஓட்டம்) பெயர் கொடுக்கிறவர்கள் நம்மில் சிலர் இருக்கிறோம். திரும்பி வந்து சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றேதான்: "ஏழாவது கொன்ட்ரோலில் இருபத்தைந்து நிமிடம் போய்விட்டது." ஏழாவதில் என்ன நடந்தது என்று கேட்டால் பதில் வராது. ஏழாவதில் ஒன்றும் நடக்கவில்லை, ஆறாவதை விட்டுக் கிளம்பும்போதே நடந்துவிட்டது. இந்த விளையாட்டில் பிழை தெரியவரும் இடம் வேறு, பிழை நடந்த இடம் வேறு. அதனால் கீழே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு நடந்தது எதோடு ஒத்துப்போகிறது என்று பார்த்து அங்கிருந்து பின்னோக்கிப் போங்கள்.

எந்தப் போட்டிகளைப் பற்றிப் பேசுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்று, காட்டில் கொன்ட்ரோல்களை வரிசைப்படி பிடிக்கும் நெடுந்தூர ஓட்டம். உலகப் போட்டிகளில் வெல்லும் ஆணுக்கு 90 முதல் 100 நிமிடமும் பெண்ணுக்கு 70 முதல் 80 நிமிடமும் எடுக்கும் அளவில் அதை அமைப்பார்கள், நம் போன்றவர்களுக்கு அதே மாதிரி ஒரு பாதை இரண்டரை, மூன்று மணித்தியாலம் இழுக்கும். மற்றது றொகேன். 1976இல் அவுஸ்திரேலியாவில் பிறந்தது, றொட், கெயில், நீல் என்ற மூவரின் பெயர்த் துண்டுகளைச் சேர்த்து வைத்த பெயர். முழு அளவில் 24 மணித்தியாலம், 6, 12 மணிப் போட்டிகளும் உண்டு. இரண்டு முதல் ஐந்து பேர் வரை ஒரு குழு, எந்த வரிசையிலும் போகலாம், ஒவ்வொரு கொன்ட்ரோலுக்கும் அதற்கென்று ஒரு புள்ளி மதிப்பு. இரண்டிலும் வருகிற கோளாறுகள் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் கொன்ட்ரோலே கிடைப்பதில்லை

அநேகமாக அளவுத்திட்டம்தான் காரணம். கொழும்பில் நாம் பழகுவது பூங்கா, பல்கலைக்கழக வளவு மாதிரிச் சின்ன இடங்களில், அதற்கு வரைபடம் 1:4,000. அதில் ஒரு சென்ரிமீற்றர் என்றால் 40 மீற்றர். காட்டு நெடுந்தூர ஓட்டத்தில் கையில் தருவது 1:15,000, ஒரு சென்ரிமீற்றர் 150 மீற்றர். றொகேனில் 1:25,000 வந்தால் 250 மீற்றர். காலைக் கொண்டுபோய் நோர்வேக் காட்டில் வைத்தாலும் கண் இன்னும் பூங்காவிலேயே நிற்கும். இரண்டு சென்ரிமீற்றரைப் பார்த்துவிட்டு 80 மீற்றரிலேயே தேடத் தொடங்குவீர்கள், கொடி இன்னும் 220 மீற்றர் தள்ளி இருக்கும்.

இதற்கு மருந்து அடி எண்ணுவது. இடது கால் நிலத்தில் படும் ஒவ்வொரு தடவையும் ஒன்று என்று எண்ணுங்கள். 100 மீற்றர் நடக்கப் பெரும்பாலானவர்களுக்கு 60 முதல் 65 வரை வரும், மெதுவாக ஓடினால் 40ஐ ஒட்டி வரும். மற்றவருடைய எண்ணிக்கையை வாங்கிப் பயனில்லை, ஓடுபாதையின் நேர்ப் பகுதியில் நான்கு ஐந்து தடவை ஓடி உங்களுடையதைக் கண்டுபிடியுங்கள். புல்லும் பற்றையுமாக உள்ள இடத்தில் ஒரு தடவை, ஏற்றத்தில் ஒரு தடவை என்று தனித்தனியாக அளந்து வைத்தால் இன்னும் நல்லது. போட்டிக்கு முந்தின இரவு அந்த அளவுத்திட்டத்துக்கு ஏற்றபடி ஒரு கடதாசித் துண்டில் 100, 200, 300 மீற்றர் என்று கோடு போட்டுத் திசைகாட்டியின் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். நான் இன்றைக்கும் ஒட்டுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு, புதிதாகப் போகிறவர்களுக்கு அடிக்கடி நடப்பது. நேரம் தொடங்கும் இடமும் வரைபடத்தில் பாதையின் தொடக்கம் என்று முக்கோணம் போட்ட இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை. மணி அடித்த இடத்திலிருந்து அடையாளமிட்ட பாதையில் கொஞ்சத் தூரம் போனபிறகுதான் முக்கோணத்துக்குரிய கொடி வரும். நின்ற இடத்தையே முக்கோணம் என்று எடுத்துக்கொண்டால் முதல் அடியிலேயே பிழை. அந்தக் கொடி வரை ஓடாமல் நடந்து போங்கள். அந்த அரை நிமிடத்தில் வரைபடத்தைத் திருப்பிப் பிடித்து முதல் கொன்ட்ரோல் வரையான வழிக்கு ஒரு திட்டம் போட்டுக்கொள்ளலாம்.

எல்லாம் பொருந்துகிறது, கொடி மட்டும் இல்லை

இதுதான் அதிக நேரத்தைத் தின்பது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காலி வீதியில் பம்பலப்பிட்டிப் பக்கமிருந்து வருகிறீர்கள். ராமகிருஷ்ண வீதிக்குக் கடல் பக்கம் திரும்ப வேண்டும், ஆனால் ஒரு ஒழுங்கை முந்தித் திரும்பிவிட்டீர்கள். இரு பக்கமும் மாடி வீடு, முடிவில் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். எல்லாமே பொருந்தும். நீங்கள் தேடும் கேற் மட்டும் இருக்காது, அதைத் தேடி அதே ஒழுங்கையில் மேலும் கீழும் நடப்பீர்கள். காட்டில் நடப்பதும் இதேதான். ஒரு மலைச் சரிவில் பக்கம் பக்கமாக நான்கு ஓடைகள் இறங்கினால் பக்கத்து ஓடையில் இறங்கி நின்று தேடுவோம்.

விக்டோரியாவில் ஒரு 6 மணி றொகேனில் மச்சானும் நானும் காய்ந்த ஓடை ஒன்றில் இறங்கினோம். கொன்ட்ரோல் இரண்டு ஓடைகள் சேரும் இடத்தில். இறங்கிய ஓடையும் இன்னொரு ஓடையோடு சேர்ந்தது, யூகலிப்டஸ் பட்டை உரிந்து நிலமெல்லாம் கிடந்தது, ஒரு பெரிய பாறை, எல்லாம் சரி. மச்சான் நின்று, "மச்சான், ஓடை இந்தப் பக்கமெல்லே வளையுது, மெப்பில மற்றப் பக்கம்" என்றான். சின்ன வளைவுதானே, வரைபடம் கீறினவர் விட்டிருப்பார் என்று நான் சொன்னேன். பதினெட்டு நிமிடம் அங்கே நின்றோம். பிறகு திசைகாட்டியை ஓடையின் நீளத்துக்கு வைத்துப் பார்த்தால் நாங்கள் நின்ற ஓடை கிழக்கே போகிறது, போக வேண்டியது தென்கிழக்கே. அந்த ஒரு பார்வைக்கு ஐந்து செக்கன் போதும், இறங்கத் தொடங்கியபோதே பார்த்திருக்கலாம்.

நான் அதிலிருந்து செய்வது இது. ஓடை, முகடு, பாதை, வேலி என்று நீளமாக உள்ள எதிலாவது ஏறும்போது அது போகும் திசையைத் திசைகாட்டியால் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி. பொருந்தாத ஒரு விஷயம் கண்ணில் பட்டால் அதற்குக் காரணம் கண்டுபிடித்துச் சமாதானம் சொல்ல மாட்டேன். வரைபடம் பிழை என்று மனம் சொல்லும் நேரத்தில் பத்துக்கு ஒன்பது தடவை நிற்கிற இடம்தான் பிழை. குழுவில் ஒருவர் சந்தேகம் சொன்னால், அவர் எவ்வளவு புதியவராக இருந்தாலும், அந்த இடத்திலேயே நின்று பார்க்கிறோம்.

அப்புறம், கொடியை நேராகக் குறிவைத்து ஓடாதீர்கள். அது 30 சென்ரிமீற்றர் அகலமான செம்மஞ்சளும் வெள்ளையுமான துணி, பள்ளத்துக்குள் தொங்கினால் 20 மீற்றரிலும் தெரியாது. கொடிக்கு முன்னால், தவறவே விட முடியாத ஓர் இடத்தை முதலில் பிடியுங்கள், பாதைச் சந்தியோ வேலி மூலையோ குளத்து முனையோ. அங்கே வரை வேகமாகப் போகலாம், அங்கிருந்து கொடி வரை அடி எண்ணி, திசை பிடித்து, மெதுவாக. அதே மாதிரி, கொடியைத் தாண்டிவிட்டால் உங்களை மறிக்கும் ஒன்றையும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். வெள்ளவத்தையில் எந்த ஒழுங்கையில் மேற்கே போனாலும் ரயில் பாதை மறிக்கும் இல்லையா, அது மாதிரி. "இந்தப் பாதை வந்தால் நான் தாண்டிவிட்டேன்" என்று தெரிந்து வைத்திருப்பவருக்குத் தாண்டுவது இரண்டு நிமிடச் செலவு. தெரியாதவருக்கு அது அரை மணித்தியாலம்.

தேடியும் கிடைக்கவில்லை என்றால் வட்டமடிக்க வேண்டாம். ஒவ்வொரு வட்டத்திலும் நிற்கிற இடம் இன்னும் குழம்பும். நிச்சயமாகத் தெரிந்த கடைசி இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி வாருங்கள். போனால் நேரம் வீண் என்று தோன்றும், ஆனால் போகாமல் நின்றவர்கள்தான் இருபத்தைந்து நிமிடம் இழந்தவர்கள்.

கொடி கிடைத்தாலும் அதன் இலக்கத்தைக் கையிலுள்ள தாளோடு ஒத்துப்பாருங்கள். இலக்கங்கள் 31இலிருந்து தொடங்கும், பாதையில் எத்தனையாவது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. அடுத்த பிரிவுக்காரரின் கொடியில் பதிந்துவிட்டு ஓடியவர்கள் எத்தனையோ பேர்.

எப்போதும் ஒரு பக்கமாகவே ஒதுங்கிப் போகிறேன், ஊசி ஒட்டிக்கொள்கிறது

இதை நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் இது கொழும்புக்கே உரிய கோளாறு.

காந்தப்புலம் நிலத்துக்குச் சமாந்தரமாக எல்லா இடத்திலும் ஓடுவதில்லை. சுவீடன், நோர்வேப் பக்கம் அது 70 டிகிரிக்கு மேல் நிலத்துக்குள் குத்திட்டு இறங்குகிறது, ஊசியின் வடமுனையைக் கீழே இழுக்கும். அதைச் சமன்படுத்த அங்குள்ள தயாரிப்பாளர்கள் ஊசியின் தென்பக்கத்துக்குக் கொஞ்சம் பாரம் கூட்டுகிறார்கள். நாமோ புலம் நிலத்துக்குச் சமாந்தரமாக ஓடும் காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறோம். 1963இல் இந்தியா தன் முதல் றொக்கெற்றை விடத் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பாவைத் தேர்ந்ததே அந்தக் கோடு அங்கே போகிறது என்பதால்தான், அங்கிருந்து கொழும்பு எவ்வளவு தூரம்? இங்கே வடமுனையை இழுக்க ஏறக்குறைய ஒன்றுமில்லை, ஆனால் தென்பக்கத்துப் பாரம் அப்படியே இருக்கிறது. ஊசி தெற்கே சாய்ந்து கிண்ணத்தின் அடியில் உரசும்.

சாப்பாட்டு மேசையில் வைத்துப் பாருங்கள். கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். நோர்வேயிலிருந்து அக்கா அனுப்பிய என் திசைகாட்டியில் வெள்ளைத் தென்முனை கிண்ணத்தின் தரையைத் தொட்டுக்கொண்டே இருந்தது. மெதுவாகச் சுழற்றினால் ஊசி கிண்ணத்தோடு சேர்ந்து பத்துப் பன்னிரண்டு டிகிரி வரும், பிறகு ஒரு சின்ன அதிர்வோடு விடுபட்டு வடக்கே திரும்பும். ஓடும்போது அந்த அதிர்வுக்காக யார் காத்திருப்பார்? ஒட்டியபடியே வாசித்துவிட்டு ஓடினால் 500 மீற்றரில் 10 டிகிரிப் பிழை கிட்டத்தட்ட 90 மீற்றர் பக்கவாட்டில் கொண்டுபோய் விடும்.

சில்வா திசைகாட்டிகளில் எம்.என், எம்.இ, எம்.எஸ் என்று மூன்று வகை உண்டு, வடக்கு, காந்த நடுக்கோடு, தெற்கு. இங்கே பழக எம்.இ. நோர்வேக்கு எம்.என். அவுஸ்திரேலியாவுக்கு எம்.எஸ், அங்கே புலம் எதிர்ப்பக்கமாகக் குத்திட்டு நிற்கும். எங்கும் வேலை செய்யும் ஊசியுள்ளவை விலை கூட. இரண்டு ஊர்களுக்கு மாறி மாறிப் போகிறவர் என்றால் அந்தக் காசைக் கொடுக்கலாம், இல்லையென்றால் போகிற ஊரில் ஒன்றை இரவல் வாங்குவதே புத்தி.

அடுத்தது, சிவப்பு முனை முழுக்கத் தெற்கைக் காட்டுவது. பையில் போனோடும் ஸ்பீக்கரோடும் காந்த மூடியுள்ள பேர்ஸோடும் நாள்கணக்கில் கிடந்த ஊசிக்கு இது நடக்கும். பார்ப்பது எளிது: மரைன் டிரைவில் கடலைப் பார்த்து நில்லுங்கள், சிவப்பு முனை வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். தண்டவாளத்துக்கு ஒட்டி நிற்க வேண்டாம், இரும்பு இழுக்கும். புறப்படுவதற்கு முன் ஒருமுறை, போய் இறங்கிய பிறகு ஒருமுறை பாருங்கள்.

ஓரியன்டீரிங் வரைபடத்தின் வடக்குக் கோடுகள் காந்த வடக்குக்கே கீறப்பட்டவை, எதையும் கூட்டிக் கழிக்கத் தேவையில்லை. நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 இடவிளக்கப் படத்தை நாரஹேன்பிட்டியில் வாங்கிவந்து பழகினால் அதில் வடக்கு வேறு. கொழும்பில் வித்தியாசம் 2 டிகிரி அளவுதான் என்பதால் இங்கே பெரிதாகத் தெரியாது, மெல்பேர்ணில் 11 டிகிரிக்கு மேல், அங்கே தெரியும்.

சூரியனைப் பற்றியும் ஒரு வார்த்தை. நமக்கு மத்தியானச் சூரியன் தலைக்கு மேல்தான், அதனால் அதை வைத்துத் திசை பார்க்கும் பழக்கம் குறைவு. ஒஸ்லோவில் மத்தியானம் அது தெற்கே நிற்கும், மெல்பேர்ணில் வடக்கே. ஒரு ஊரில் பழகிய கண் மற்ற ஊரில் தலைகீழாக வழி காட்டும். "எனக்கென்னவோ வடக்கு அந்தப் பக்கம் மாதிரி இருக்கு" என்று தோன்றும்போது ஊசியை நம்புங்கள்.

மேடு எது பள்ளம் எது என்று படத்தில் தெரியவில்லை

கொழும்பு தட்டையான ஊர். சமவுயரக்கோடு நமக்குச் சாதாரண தரப் புவியியல் பாடத்தோடு முடிந்துபோன விஷயம். அதைக் கையால் தொட்டுப் பழகினால்தான் வரும். கல்கிசைக் கடற்கரையில் ஈரமணலில் இரண்டு உச்சியுள்ள ஒரு மேட்டைக் குவியுங்கள், ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் சாய்வு, நடுவில் ஒரு ஓடைக் கீறல். ஓர் ஈர்க்கில் இரண்டு இரண்டு சென்ரிமீற்றருக்கு அடையாளம் வைத்து, ஒவ்வொரு உயரத்திலும் மேட்டைச் சுற்றிக் கீறிக்கொண்டு வாருங்கள். பிறகு நேர் மேலே நின்று பாருங்கள். ஓடை வரும் இடத்தில் கோடுகள் எல்லாம் மேட்டை நோக்கி உள்ளே மடியும், நீண்ட முகட்டில் வெளியே தள்ளும், இரண்டு உச்சிக்கும் நடுவில் சேணம் போல விரியும். என் மகளுக்கு ஒன்பது வயதில் இதை ஒரே மாலையில் புரியவைத்தேன், புத்தகத்தில் பார்த்து எனக்கு வர ஒரு வருடம் எடுத்தது.

மணலுக்குப் பிறகு உண்மையான சரிவு வேண்டும். கண்டிக்குப் போகிறவர்கள் ஹந்தானையில் ஒரு காலை செலவழியுங்கள். அவ்வளவு தூரம் முடியாவிட்டால் அவிசாவளைப் பக்கம்.

ஏறிக் கடப்பதா சுற்றிப் போவதா என்று முடிவெடுக்க ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1892இல் நைஸ்மித் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் மலை நடைக்குச் சொன்ன விதியைப் பிரித்துப் பார்த்தால் 100 மீற்றர் ஏற்றம் 800 மீற்றர் சமதரைக்குச் சமன். ஆகவே 100 மீற்றர் ஏறி 1 கிலோமீற்றர் போகும் வழியும், ஏறாமல் 1.8 கிலோமீற்றர் சுற்றும் வழியும் நேரத்தில் ஒன்று. தட்டை ஊரில் பழகிய நம் கால்களுக்கு நான் 1 கிலோமீற்றராகவே கணக்கு வைக்கிறேன், மூன்றாவது மணித்தியாலத்துக்குப் பிறகு அதற்கும் மேல். சந்தேகமிருந்தால் சுற்றுங்கள், அதுவும் பாதை இருந்தால். பச்சை நிறம் கடும்பச்சையாக உள்ள இடத்தை நேர்கோடு வெட்டிப்போனால் அது பற்றைக்காடு, வெள்ளையாக உள்ளதுதான் ஓடக்கூடிய காடு. நம் மனதுக்குக் காடு என்றால் பச்சை, வெள்ளை என்றால் வெளி. இந்த ஒன்றைத் தலைகீழாக எடுத்துக்கொண்டு முள்ளுக்குள் போனவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டு மணித்தியாலம் நன்றாகப் போனது, பிறகு சின்னப் பிழைகள் தொடர்ச்சியாக

கொன்ட்ரோல் இலக்கத்தை இரண்டு தடவை வாசித்தும் மனதில் நிற்கவில்லை, வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள், கூட வருபவர் பேசினால் எரிச்சல் வருகிறது. இதை வழிகாட்டல் பிழை என்று எடுக்காதீர்கள், வயிறு வெறுமை. இரண்டரை மணிக்குத் தெரிவது, முதல் மணித்தியாலத்தில் சாப்பிடாமல் விட்டது. பசி வந்தபிறகு சாப்பிடுவது பிந்திய வேலை.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகும் எந்த ஓட்டத்திலும் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து உள்ளே போக வேண்டும். பெரிய வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவில் இருக்கும். ஜெல் பக்கெற்றுகள் விலை அதிகம், எல்லா வயிற்றுக்கும் ஒத்துக்கொள்வதுமில்லை. எனக்குப் பயத்தம் பணியாரமும் எள்ளுருண்டையும் ஒத்துக்கொள்கின்றன, கெடாது, பையில் நசியாது. எதுவாக இருந்தாலும் போட்டி நாளில் முதல் தடவையாகச் சாப்பிட வேண்டாம். கைக்கடிகாரத்தில் 30 நிமிடத்துக்கு ஒரு அலாரம் வையுங்கள், அடித்ததும் வாய்க்குள் ஏதாவது போக வேண்டும், பசி இருக்கோ இல்லையோ.

தண்ணீர் விஷயத்தில் கொழும்புக்காரர்களுக்கு இரண்டு பக்கமும் பிழை வரும். இங்கே புழுக்கத்தில் பழகும்போது வியர்வை காயாது, உடம்பு ஆறாது. காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடிப்பதே நல்லது. வெறும் தண்ணீரைப் போத்தல் போத்தலாகக் குடித்து உப்பை விட்டுவிட்டால் தலைவலி, குமட்டல், விரல் வீக்கம் வரும், அது தண்ணீர் போதாமையும் இல்லை, இன்னும் குடித்தால் கூடும். ஜீவனி பக்கெற்றைச் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்து ஒரு போத்தலில் வைத்திருங்கள், அல்லது தேசிக்காயும் உப்பும் சீனியும். நோர்வேயில் மறுபக்கம்: குளிரில் தாகம் தெரியாது, நான்கு மணித்தியாலத்தில் அரைப் போத்தல்தான் குறைந்திருக்கும். அங்கே தாகத்தைப் பார்க்க வேண்டாம், அந்த அலாரத்தையே பாருங்கள்.

அவுஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் சாப்பாட்டுச் சாமானை விமான நிலையத்தில் அறிவிக்க வேண்டும், பழம் கொண்டுபோகவே வேண்டாம். சப்பாத்தின் அடியில் மண் ஒட்டியிருந்தாலும் பிடிப்பார்கள். லபுகமச் சேற்றோடு பையில் போடாமல் பழைய பல்துலக்கியால் ஒவ்வொரு குமிழையும் தேய்த்துக் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோங்கள்.

வரைபடம் நனைந்து நிறம் கலைந்துவிட்டது

பயிற்சிக்கு வீட்டில் அடித்த படங்களில்தான் இது. மைத் துளி பிரின்டரில் அடித்தால் வியர்வை பட்டதும் மண்ணிறக் கோடு ஊதாவோடு கலந்துவிடும். கடையில் லேசர் பிரின்ட் எடுங்கள், பக்கத்துக்குப் பத்திருபது ரூபாய் கூடினாலும் பரவாயில்லை. தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வாயைச் செலோடேப்பால் ஒட்டுங்கள். அடிக்கும்போது "பக்கத்துக்குப் பொருத்து" என்பதை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அளவுத்திட்டமே மாறி நீங்கள் எண்ணிய அடியெல்லாம் வீண்.

பயிற்சிப் படம் செய்ய ஓப்பின் ஓரியன்டீரிங் மெப்பர் என்ற இலவச மென்பொருள் போதும், அடியில் ஓப்பின் ஸ்ட்ரீட் மெப்பைப் போட்டுக் கொள்ளலாம். தியவன்னாப் பக்கம், கோட்டைப் பக்கம் பாதுகாப்பு இடங்களுக்குக் கிட்டக் கொன்ட்ரோல் வைக்காதீர்கள். படமும் பென்சிலும் கையில் வைத்துக்கொண்டு மதிலோரம் நின்று நின்று போனால் காவலில் நிற்பவர் கேட்கத்தான் செய்வார், அது அவர் வேலை. அடையாள அட்டை இடுப்புப் பையில் எப்போதும் இருக்கட்டும், கேட்டால் படத்தைக் காட்டி நின்று நிதானமாகச் சொல்லுங்கள்.

கொடியைத் தொட்டேன், முடிவில் இல்லை என்கிறார்கள்

விரலில் மாட்டும் பதிவுச் சிப்பைக் கொடியோடுள்ள பெட்டியின் துளைக்குள் வைத்தால் ஒரு பீப் சத்தமும் ஒரு வெளிச்சமும் வரும். இரண்டில் ஒன்றாவது வரும்வரை கையை எடுக்காதீர்கள். முந்தின ஆள் வைத்தபோது வந்த சத்தத்தை உங்களுடையது என்று நினைத்து எடுத்துவிடுவதுதான் வழக்கமான காரணம். ஒன்றும் வரவில்லை என்றால் பெட்டியோடு தொங்கும் ஊசிக் கிளிப்பால் வரைபடத்தின் ஓரத்திலுள்ள கட்டத்தில் குத்திக்கொண்டு போய் முடிவில் காட்டுங்கள், ஏற்றுக்கொள்வார்கள். தொடங்குமுன் சிப்பிலுள்ள பதிவை அழிக்கும் பெட்டியிலும் வைத்தீர்களா என்று பாருங்கள், பழைய பதிவு இருந்தால் இடம் நிரம்பிவிடும்.

அட்டை, கொப்புளம், தோல் உரசல்

அட்டைக்குக் காலுறைக்கு மேல் அட்டைக் காலுறை. ஏறிவிட்டால் நகத்தால் ஓரத்திலிருந்து தள்ளி எடுங்கள், பிடித்து இழுக்க வேண்டாம். கொப்புளத்துக்குப் பெரும்பாலும் புதுச் சப்பாத்தோ நனைந்த பருத்திக் காலுறையோ காரணம். சூடு தெரிந்த அந்த நிமிடமே நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள், அடுத்த கொன்ட்ரோல் வரை பொறுத்தால் தோல் போய்விடும். வயல், சதுப்பு வழியாகப் பழகுகிறவர்கள் காலில் புண் இருந்தால் அன்றைக்கு இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும். மழைக்காலத்தில் போக வேண்டியிருந்தால் முன்கூட்டியே சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேட்டு மருந்து எடுக்கலாம். ஓடி ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் வயலில் இறங்கியதை டொக்டரிடம் சொல்லுங்கள்.

றொகேனில் நிறையப் பிடித்தோம், பிந்தி வந்து எல்லாம் போய்விட்டது

பொதுவாகப் பிந்தும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 10 புள்ளி கழியும், 30 நிமிடம் தாண்டினால் குழுவே கணக்கில் இல்லை. இதற்கும் காரணம் கடைசி மணித்தியாலத்தில் இல்லை, திட்டம் போட்ட மேசையில் இருக்கிறது. படம் கொடுத்ததும் எல்லோரும் போக ஆசைப்படும் இடங்களை நூலால் கோர்ப்பார்கள். நூலை அளந்து கிலோமீற்றர் எடுத்து, ஏற்றத்தையும் சேர்த்து, பூங்காவில் ஓடும் வேகத்தால் வகுப்பார்கள். வழியில்லாக் காட்டில் நமக்கு மணிக்கு 4 கிலோமீற்றர் என்றால் நல்ல வேகம், இருட்டில் 3. அதை வைத்து வகுங்கள். சுற்றின் கடைசிக் கால்வாசியை முடிவிடத்துக்குக் கிட்ட, பாதைகள் உள்ள பக்கமாக அமையுங்கள், நேரம் போதாவிட்டால் இரண்டு மூன்று கொன்ட்ரோலை விட்டு நேரே வரலாம், நேரம் மிஞ்சினால் ஒன்றைச் சேர்க்கலாம். எங்கே வைத்து எத்தனை மணிக்கு அந்த முடிவை எடுக்க வேண்டும் என்று படத்திலேயே எழுதி வைக்கிறோம், அந்த நேரத்தில் மூளை கணக்குப் போடாது.

குழுவாகப் போகிறவர்கள் ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்கும் தூரத்தில் எப்போதும் இருக்க வேண்டும், அது விதி. முன்னால் ஓடுகிறவர் பின்னால் வருகிறவரைக் காத்திருந்து, வந்ததும் உடனே கிளம்பினால் பின்னால் வந்தவருக்கு ஓய்வே இல்லை, சண்டை அங்கேதான் தொடங்கும். வேகம் குறைந்தவர் முன்னால் போகட்டும். வேகமானவர் படத்தைப் பிடிக்கட்டும், அவருக்கு மூச்சு மிச்சம் இருக்கும்.

இருட்டிவிட்டது, எங்கே நிற்கிறோம் என்று தெரியவில்லை

நமக்கு ஆண்டு முழுக்க ஆறு, ஆறரைக்குள் இருட்டு, பொழுது சாயத் தொடங்கினால் அரை மணியில் கறுப்பு. ஒஸ்லோவில் ஜூனில் பத்தரைக்குத்தான் சூரியன் இறங்கும், அங்கே டோர்ச்சை மறந்து போகிறவர்கள் உண்டு, செப்டெம்பரில் போய் அதே நினைப்பில் மாட்டிக்கொள்வார்கள். தலையில் மாட்டும் டோர்ச்சும் மாற்று பற்றரியும் நாளுக்குள் முடிகிற போட்டியிலும் பையில் இருக்க வேண்டும்.

வழி தவறியது உறுதி என்றால் முதலில் நில்லுங்கள், உட்காருங்கள், ஏதாவது சாப்பிடுங்கள். படத்தை வடக்குக்குத் திருப்பி, கடைசியாகச் சந்தேகமில்லாமல் நின்ற இடம் எது, அங்கிருந்து எத்தனை நிமிடம், எந்தப் பக்கம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த நிமிடங்களுக்கு மேல் நீங்கள் போயிருக்க முடியாது, ஒரு வட்டம் கிடைக்கும். வட்டத்துக்குள் சமவுயரக்கோட்டைப் பாருங்கள், நிற்கும் சரிவு எந்தத் திசைக்கு இறங்குகிறது என்று திசைகாட்டியால் பார்த்தாலே பாதி இடங்கள் கழிந்துவிடும். அப்படியும் கிடைக்காவிட்டால் படத்தின் ஓரத்தில் நீளமாக ஓடும் வீதியையோ ஆற்றையோ தேர்ந்து ஒரே திசையில் அது வரும்வரை நடங்கள். பெரும்பாலான அமைப்பாளர்கள் தொடக்கத்திலேயே அந்தத் திசையைச் சொல்லிவிடுவார்கள், சொன்னால் கையில் எழுதிக்கொள்ளுங்கள்.

நடக்க முடியாத காயம் என்றால் விசில். ஒரு நிமிடத்துக்குள் ஆறு தடவை ஊதி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி ஆறு. கேட்டவர் மூன்று தடவை ஊதிப் பதில் தருவார். அப்படி ஊதுவது உங்கள் காதில் விழுந்தால் போட்டி அந்த இடத்தோடு நிற்கிறது, போய் உதவுவது எல்லாப் போட்டியிலும் கட்டாயம்.

பாதியில் விட்டுவிட்டு வேறு வழியால் வாகனத்துக்கு வந்து சேர்ந்தாலும், நேரே முடிவிடத்துக்குப் போய்ச் சிப்பைக் கொடுத்து வந்துவிட்டேன் என்று சொல்லுங்கள். சொல்லாமல் வீட்டுக்குப் போனால் இரவு முழுக்க உங்களை அந்தக் காட்டில் தேடுவார்கள்.